மூச்சுப் பயிற்சியை எங்கே தொடங்குவது? சென்னைவாசிக்கு ஓர் ஒப்பீடு

பிராணாயாமம் கற்பது என்று முடிவெடுத்தவருக்குச் சென்னையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் தெளிவுக்குத்தான். மந்தைவெளியில் தனித்தனியாக உட்கார வைத்துச் சொல்லித் தருகிறார்கள். பேட்டைக்குப் பேட்டை மனவளக்கலை மன்றப் பலகை தொங்குகிறது. கல்யாண மண்டபங்களிலும் பள்ளி அரங்குகளிலும் சில நாள் கிரியா (வரிசை மாறாத மூச்சுப் பயிற்சி) வகுப்புகள் நடக்கின்றன. அலைய நேரமில்லை என்பவருக்குக் கைப்பேசியில் யூடியூப் இருக்கிறது. நான்கிலும் மூச்சு வருகிறது என்பதால் நான்கும் ஒன்று ஆகிவிடாது. ஒவ்வொன்றும் மூச்சை வேறு வேலைக்கு வைத்துக்கொள்கிறது.

கட்டணம், வீட்டிலிருந்து தூரம், குருவின் புகழ் எல்லாம் பார்க்க வேண்டியவைதான். அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: நீங்கள் மூச்சை வெளியே விடும்போது யாராவது உட்கார்ந்து பார்ப்பார்களா?

இழுக்கிற மூச்சில் எல்லோரும் சூரர்கள். விடுகிற மூச்சில்தான் குட்டு உடையும். புதிதாக வந்தவரை எட்டு எண்ணும் வரை மூச்சை விடச் சொல்லுங்கள். முதல் மூன்று எண்ணிக்கைக்குள் முக்கால்வாசிக் காற்றைக் கொட்டிவிடுவார். மீதி ஐந்தையும் வயிற்றை இறுக்கியபடி சமாளிப்பார். அடுத்த மூச்சு ‘ஹக்’கென்று உள்ளே பாயும், தோள் இரண்டும் மேலே ஏறும். அந்தப் பாய்ச்சல் வந்தால் எண்ணிக்கை அவருக்கு அதிகம் என்று அர்த்தம். செய்கிறவருக்கு இது தெரியாது, எட்டை எட்டிய சந்தோஷத்தில் இருப்பார். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தோளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எண்ணிக்கையின் வலை

திருமந்திரத்தில் திருமூலர் சொல்லும் கணக்கு 16 மாத்திரை பூரகம் (இழுப்பது), 64 மாத்திரை கும்பகம் (உள்ளே நிறுத்துவது), 32 மாத்திரை ரேசகம் (விடுவது). அதாவது 1:4:2. மாத்திரையை ஒரு நொடி என்று வைத்தால் ஒரே மூச்சுக்கு 112 நொடி ஆகிறது. கண்ணிமைக்கும் நேரம்தானே மாத்திரை என்று அரை நொடியாகக் குறைத்தாலும் 56 நொடி. ஆண்டுக்கணக்கில் பயின்றவர் போய்ச் சேருகிற இடம் இது. ஆரம்பப் பாடமாக யாரும் வைத்ததில்லை.

காணொளிகளில் இதே விகிதம் 4:16:8 என்று வருகிறது. எண்கள் சின்னவை, பயமில்லை என்று தோன்றும். கூட்டினால் 28 நொடி. சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறை மூச்சு விடுகிறவரை ஒரே நாளில் இரண்டு முறைக்கு இறக்குகிற வேலை அது. படபடப்பு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஏற வேண்டிய படிகள் வேறு. முதலில் 4 எண்ணி இழுத்து 4 எண்ணி விடுவது, நடுவில் நிறுத்தமே இல்லை. இரண்டு மூன்று வாரத்தில் 4-க்கு 6. இதிலேயே நிமிடத்துக்கு ஆறு மூச்சு வந்துவிடுகிறது. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது, பலருக்கும் மனம் அடங்குவது இந்த இடத்தில்தான் முதலில் புலப்படும். பிறகு 4-க்கு 8. பன்னிரண்டு சுற்று பாய்ச்சலில்லாமல் 4-க்கு 8 போனால்தான் கும்பகத்தைப் பற்றிப் பேச்சு. அதுவும் 2 எண்ணிக்கை, அப்புறம் 4. கும்பகத்தைக் கூட்டும்போது வெளிமூச்சு குறைந்தால் கும்பகத்தைப் பழைய அளவுக்கு இறக்க வேண்டும். நான்கு வழிகளையும் இந்தப் படிகளை மனதில் வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

தனி ஆசிரியர்

1888-இல் பிறந்த யோக ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் வாழ்வின் பின்பாதியைச் சென்னையில் கழித்தார், 1989-இல் மறைந்தார். அவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976-இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் மந்தைவெளிப் பக்கம் இருக்கிறது. வேளச்சேரி, திருவான்மியூர்க்காரர்கள் பறக்கும் ரயிலில் நேராகப் போய் மந்தைவெளியில் இறங்கலாம். அந்த வழியில் பயின்று வீட்டிலேயே சொல்லித் தருகிறவர்களும் நகரில் இருக்கிறார்கள்.

இங்கே பாடம் ஆளுக்கு ஆள் மாறும். முதல் சந்திப்பில் உங்கள் தூக்கம், மருந்து, முதுகு, வேலை எல்லாம் கேட்பார்கள். கோடு போட்டு வரைந்த மனித உருவங்களோடு, எத்தனை முறை, எத்தனை எண்ணிக்கை என்று எழுதிய தாள் ஒன்று கைக்கு வரும். அதை வீட்டில் செய்துவிட்டு அடுத்த சந்திப்பில் செய்து காட்ட வேண்டும். எது ஓடவில்லையோ அதை மாற்றி எழுதுவார்கள். மூச்சு தனியாக உட்காரும்போது மட்டும் வருவதல்ல. கையைத் தூக்கும்போது இழுப்பது, குனியும்போது விடுவது என்று ஆசனத்திலேயே தொடங்கிவிடும். அதன் பிறகுதான் உஜ்ஜாயி, அதாவது தொண்டையை லேசாகச் சுருக்கி, காற்று உரசும் மெல்லிய ஒலியோடு விடுவது. அந்த ஒலிதான் முதல் அளவுகோல். ஒலி கடைசி வரை ஒரே சீராக வந்தால் எண்ணிக்கை சரி, நடுவில் கரகரத்தால் அதிகம். அடுத்து உஜ்ஜாயியில் இழுத்து ஒரு நாசி மாற்றி ஒரு நாசியில் விடுவது. நாடிசுத்தி அதற்கும் பிறகு.

நாடிசுத்தி எல்லா இடத்திலும் வருவதால் அதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். வலக்கையில் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மடக்கிக்கொள்ள வேண்டும். கட்டைவிரல் வலது நாசிக்கு, மோதிர விரல் இடது நாசிக்கு. இடதில் இழுத்து வலதில் விட்டு, வலதில் இழுத்து இடதில் விட்டால் ஒரு சுற்று. பெரும்பாலானவர்கள் நாசியின் நுனி மடலைப் பிடித்து அமுக்குகிறார்கள். விரல் இருக்க வேண்டியது மூக்கெலும்பு முடிந்து சதை தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே. அங்கே லேசான அழுத்தமே வழியை அடைத்துவிடும். திறந்திருக்கும் நாசியையும் அதற்குரிய விரலால் பாதி மூடினால் காற்று நூல் போல வரும், வெளிமூச்சு தானாக நீளும். கை வலித்துத் தலை வலப்பக்கம் சாய்கிறதா என்பதை ஆசிரியர் பார்த்துச் சொல்வார். கண்ணாடி முன்னால் செய்தாலும் தெரியும், ஆனால் கண்ணை மூடினால் திரும்பவும் சாயும்.

ஒரு நாசி அடைத்திருந்தால் பதற வேண்டாம். சில மணிக்கு ஒருமுறை இடமும் வலமும் மாறி மாறி அடைப்பதும் திறப்பதும் மூக்கின் இயல்பு. இடகலை (இடது) ஓடுகிறது, பிங்கலை (வலது) ஓடுகிறது என்று பெரியவர்கள் பார்த்தது இதைத்தான். இடது அடைத்திருந்தால் வலப்பக்கமாக ஒருக்களித்துச் சில நிமிடம் படுங்கள், பெரும்பாலும் திறந்துவிடும். திறக்காவிட்டால் அன்று உஜ்ஜாயி மட்டும் போதும். அடைத்த மூக்கில் முக்கி முக்கி இழுத்தால் காதும் நெற்றியும்தான் வலிக்கும்.

இந்த வழியின் குறை நேரமும் பொறுமையும். இரண்டு மாதம் போன பிறகும் கும்பகம் கிடைத்திருக்காது. குண்டலினி (உடம்பில் உறங்குவதாகச் சொல்லும் சக்தி), சக்கரம் என்ற பேச்சையே காணோமே என்று சலித்துப் போகிறவர்கள் உண்டு. தனிப்பாடம் என்பதால் குழு வகுப்பைவிடச் செலவும் கூடும். ஆனாலும் உடம்பில் ஏதாவது தொந்தரவு உள்ளவருக்கும் நாற்பது தாண்டித் தொடங்குகிறவருக்கும் முதல் ஆறு மாதத்துக்கு இதுதான் சரியான இடம் என்பது எங்கள் கணிப்பு.

மனவளக்கலை

மனவளக்கலையை வகுத்த வேதாத்திரி மகரிஷி 1911-இல் கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1958-இல் சென்னையில் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஆழியாறு அறிவுத்திருக்கோயில் 1984-இல் வந்தது. பாடம் முழுக்கத் தமிழில், பக்கத்துத் தெருவில், குறைந்த செலவில். வேறு எந்த வழிக்கும் இந்த வசதி இல்லை.

இங்கே மூச்சு துணைக்கு வருவதுதான், மையம் தவம், அதாவது தியானம். எளியமுறை உடற்பயிற்சியில் கை, கால், மூச்சு, கண், கபாலபாதி (மூச்சை வெடுக்கென வெளியே தள்ளுவது), மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், தளர்த்தல் என்று வரிசையாகப் போகும். பிறகு தீட்சை. ஆசிரியர் புருவ மத்தியைத் தொட்டு, அங்கே நினைவை நிறுத்தப் பழக்குவார். இது ஆக்கினை தவம். முதுகெலும்பின் அடியில் உள்ள மூலாதாரத்துக்கு நினைவை இறக்குவது சாந்தி தவம், உச்சிக்கு ஏற்றுவது துரியம். கும்பகத்தால் சக்தியை முட்டி எழுப்புவதற்குப் பதில், நினைவை வைத்து ஏற்றி இறக்குவதுதான் இந்த முறையின் சாரம். மூச்சு முட்டுவதற்கே வாய்ப்பு குறைவு.

தவறு நடப்பது வேறு இடத்தில். நெற்றியில் அழுத்தம் தெரிவது இதமாக இருக்கிறதே என்று ஆக்கினையிலேயே நாள் முழுக்கத் தங்கிவிடுவார்கள். தலை பாரம், கண் எரிச்சல், தூக்கம் கெடுவது என்று தொடரும். அதற்குத்தான் சாந்தி தவத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், இறக்கிவிட்டால் சரியாகிவிடும். ஏற்றத் தெரிந்த அளவுக்கு இறக்கத் தெரிந்துகொள்ளாமல் வகுப்பை நடுவில் விட்டுவிடுகிறவர்கள்தான் அவதிப்படுகிறார்கள். காயகல்பப் பயிற்சியில் வரும் அசுவினி முத்திரையையும் (ஆசனவாய்த் தசையைச் சுருக்கி விடுவது) புத்தகம் பார்த்துச் செய்யாமல் நேரில் கற்றுக்கொள்வது நல்லது. சுருக்க வேண்டிய தசையை விட்டுவிட்டு வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்கிக்கொண்டிருப்பவர்கள் அநேகம்.

மூச்சின் நுணுக்கம் வேண்டாம், தியானத்தில் உட்கார்ந்தால் போதும், கூடவே நாலு பேர் வேண்டும் என்பவர் யோசிக்காமல் இங்கே போகலாம்.

கிரியா வகுப்புகள்

1981-இல் தொடங்கிய வாழும் கலையின் சுதர்சன கிரியா, ஈஷாவின் ஷாம்பவி மகாமுத்ரா இரண்டும் இந்த வகை. இரண்டையும் சில நாள் வகுப்பில் வைத்துக் கற்றுத் தருகிறார்கள். உள்ளே என்ன நடக்கும் என்பதை வெளியே விவரிக்க வேண்டாம் என்றும், பிறருக்குச் சொல்லித்தர வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்வார்கள். அதில் நியாயமும் இருக்கிறது, அரைகுறையாகக் கைமாறினால் கெடுதல்தான்.

சுதர்சன கிரியாவில் முதலில் உஜ்ஜாயியில் மூன்று நிலைப் பிராணாயாமம் (4 இழுத்து, 4 நிறுத்தி, 6 விட்டு, 2 நிறுத்துவது), பிறகு கைகளைத் தூக்கி இறக்கி வேகமாக மூச்சு விடும் பஸ்திரிகா, பிறகு மெதுவாக, நடுத்தரமாக, வேகமாக என்று தாளம் மாறும் மூச்சு. தினம் வீட்டில் செய்ய அரை மணி அளவு ஆகும், நீண்ட கிரியாவுக்கு வாரம் ஒருமுறை கூடுவார்கள். ஷாம்பவி 21 நிமிடம், காலி வயிற்றில். இரண்டிலும் வரிசை மாறாது. இன்று என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியதில்லை, உட்கார்ந்தால் வண்டி ஓடிவிடும். தனியாக விட்டால் எதையும் தொடராத ஆட்களுக்கு இது பெரிய பலம். வார சந்திப்பு இருக்கிற பேட்டையில் வீடு இருந்தால் இன்னும் நல்லது.

எல்லோருக்கும் ஒரே அளவு என்பதுதான் பலவீனமும். அரங்கில் நூறு பேர் இருந்தால் உங்கள் வெளிமூச்சை யார் பார்ப்பது? தொண்டர்கள் நடந்து வருவார்கள், முதுகை நிமிர்த்திவிடுவார்கள், அவ்வளவுதான் முடியும். பதிவுப் படிவத்தில் உடல்நிலை பற்றிக் கேட்கும் இடத்தில் பலரும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டுப் போய் உட்காருகிறார்கள். ரத்தக் கொதிப்பு மாத்திரை போடுகிறவர் அங்கே பொய் சொன்னால் நஷ்டம் அவருக்குத்தான்.

ஏறுவது சக்தியா, இறங்குவது கரியமில வாயுவா?

வேகமாக மூச்சு விட்ட பிறகு விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப் போகும், ஜிவ்வென்று இருக்கும். சிலருக்கு விரல்கள் தாமாக மடங்கி இறுகிக்கொள்ளும். தலை கிறுகிறுக்கும். குண்டலினி எழுந்துவிட்டது என்று அப்போதே முடிவு கட்டிவிடுகிறார்கள். உடம்பின் தேவைக்கு மேல் மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அதனால் கிறுகிறுப்பு. ரத்தத்தில் அமிலத்தன்மை குறைவதால் தனித்திருக்கும் கால்சியம் குறைகிறது, அதனால் மரமரப்பும் விரல் இறுக்கமும். மூச்சு இயல்பானதும் சில நிமிடத்தில் போய்விடும். எழுந்து நடக்காமல், வேகத்தை நிறுத்தி, மெதுவாக மூக்கால் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். பழைய சினிமா வைத்தியம் போலக் காகிதப் பையில் மூச்சு விட வேண்டியதில்லை.

சக்தி என்பதே பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. பத்து நிமிடப் பஸ்திரிகாவில் யாருக்கும் வரக்கூடிய ஒன்றைச் சாதனையின் பலனாக எண்ணிக்கொண்டு, அதைத் திரும்பக் கொண்டுவர வேகத்தைக் கூட்டுவதுதான் சிக்கல். பயிற்சி சரியாகப் போகிறதா என்று பார்க்க வேறு அடையாளங்கள் இருக்கின்றன: தூக்கம் ஆழமாகிறது, மலச்சிக்கல் குறைகிறது, வெளிமூச்சின் கடைசியில் ஓரிரு நொடி எண்ணமே இல்லாமல் கிடக்கிறது. திருவண்ணாமலை ரமணர் இதிலும் ஒரு எச்சரிக்கை வைத்தார். மூச்சை ஒடுக்கினால் மனம் ஒடுங்கும், ஆனால் அது இலயம் (தற்காலிக ஒடுக்கம்), திரும்ப எழும், நாசம் (எழாமல் அழிவது) வேறு என்பது உபதேச உந்தியாரில் அவர் பிரிக்கும் பிரிவு. ஆன்மிக நோக்கத்தோடு வருகிறவர் மூச்சு அடங்கிய பிறகு என்ன செய்யப் போகிறோம் என்பதை ஆசிரியரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. மூச்சைத் தொடவே விருப்பமில்லாத தேடல் என்றால் மணப்பாக்கம் ஆசிரமத்தின் ஹார்ட்ஃபுல்னஸ் தியானம் போன்றவையும் நகரிலேயே இருக்கின்றன.

யூடியூப்

நீண்ட விவாதம் தேவையில்லை. சம மூச்சும் 4-க்கு 6-ம் காணொளி பார்த்துச் செய்யலாம், ஆபத்தில்லை. கும்பகம், பந்தங்கள் (மூச்சை நிறுத்தும்போது உடம்பின் ஓரிடத்தை இறுக்கிப் பூட்டுவது), பஸ்திரிகா மூன்றையும் திரையைப் பார்த்துத் தொடங்க வேண்டாம். குறிப்பாக ஜாலந்தர பந்தம், அதாவது கழுத்துப் பூட்டு: முகவாயை நெஞ்சில் இடித்துக்கொண்டு முதுகை வளைப்பார்கள். நெஞ்சு உயர்ந்து முகவாயைச் சந்திக்க வேண்டும் என்பதைத் திரை சொல்லும், உங்கள் முதுகு கேட்காது.

காணொளிகளைக் கலப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. கிருஷ்ணமாச்சாரியார் வழியில் உள்மூச்சு நெஞ்சில் தொடங்கிக் கீழே இறங்கும், வெளிமூச்சு அடிவயிற்றிலிருந்து ஏறும். வேறு பல பள்ளிகளில் வயிறு முதலில், நெஞ்சு பிறகு. இரண்டுமே செல்லுபடியாகும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று செய்தால் உதரவிதானம் எதைக் கேட்பது? மூச்சு நடுவில் தட்டும்.

சென்னையின் வெயிலும் புகையும்

எந்த வழியில் போனாலும் ஊர் ஒன்றுதான். சித்திரை, வைகாசியில் பயிற்சி ஆறு மணிக்குள் முடிந்திருக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் பஸ்திரிகாவும் கபாலபாதியும் பாதியாகக் குறையட்டும், வியர்வை வழிந்தால் நிறுத்துங்கள். நாக்கைக் குழலாக மடித்து இழுக்கும் சீதளி குளிர்ச்சிதான், ஆனால் மூக்கின் வடிகட்டி இல்லாமல் காற்று நேராகத் தொண்டைக்குப் போகிறது. சாலையோர பால்கனியில் செய்யாதீர்கள். போகி அன்று காலை ஜன்னலைச் சாத்தினாலும் புகை வரும், அன்று ஜபமோ தவமோ போதும். மெரினாவிலும் பெசன்ட் நகர்க் கரையிலும் விடியற்காலை அழகுதான். எதிர்க்காற்றில் உட்கார்ந்தால் மூச்சை எண்ண முடியாது, காற்றுக்கு முதுகு காட்டி உட்காருங்கள். சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரம் கழித்தே பயிற்சி. டிகாக்‌ஷன் காபி பயிற்சிக்குப் பிறகுதான், முன்பு குடித்துவிட்டுப் படபடப்புக்குக் குருவைக் குறை சொல்லக் கூடாது.

ரத்தக் கொதிப்பு, இதய நோய், கண்ணில் நீர் அழுத்தம், குடலிறக்கம், வலிப்பு, கர்ப்பம், அண்மையில் அறுவை சிகிச்சை உள்ளவர்கள் கும்பகத்துக்கும் வேகமூச்சுக்கும் போக வேண்டாம். மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் கிரியாவுக்கு முன்பு மருத்துவரிடம் சொல்ல வேண்டும், மருந்தைத் தாமாக நிறுத்தவே கூடாது. இவர்களுக்கு நான்கையும் தாண்டி ஐந்தாவதாக ஓர் இடம் உண்டு: அரும்பாக்கம் அண்ணா மருத்துவமனை வளாகத்தில் உள்ள அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி. நோயைப் பார்த்துப் பயிற்சி எழுதித் தருவார்கள். சாமி சமாச்சாரம் அங்கே கிடைக்காது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சேரும் முன்பு

ஒரு வழியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் புது இடத்தில் பழையதை மறைக்கிறார்கள், கோபித்துக்கொள்வார்களோ என்று. கிரியா செய்துகொண்டிருக்கிறேன், தீட்சை வாங்கியிருக்கிறேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இரண்டையும் ஒரே வேளையில் அடுக்காதீர்கள். தேர்ந்த ஆசிரியர் எதை நிறுத்துவது, எதை வைத்துக்கொள்வது என்று சொல்வார்.

போகும்போது ஒரு தாளில் மாத்திரைகளின் பெயர், செய்த அறுவை சிகிச்சைகள், படுக்கும் நேரம், எழும் நேரம், தினமும் நிஜமாக ஒதுக்கக்கூடிய நிமிடம் இவற்றை எழுதிக் கொண்டுபோங்கள். நிமிடத்தைக் கூட்டிச் சொல்ல வேண்டாம், பதினைந்து என்றால் பதினைந்து. அங்கே கேட்க வேண்டியவை இரண்டு. கும்பகம் எப்போது தருவீர்கள்? வீட்டில் செய்யும்போது தடுமாறினால் யாரைக் கூப்பிடுவது? முதல் கேள்விக்கு ‘இன்றைக்கே’ என்றோ, இரண்டாவதற்குப் பதிலே இல்லாமலோ இருந்தால் அடுத்த இடத்தைப் பாருங்கள்.